நெருக்கமான வளைவில் பெரிய மாதிரி எஞ்சின்: ஆணியடிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

திருநெல்வேலிப் பக்கத்தில் வீட்டில் மாதிரி ரயில் லேஅவுட் அமைப்பவர்களின் கணக்கு பெரும்பாலும் எட்டுக்கு நான்கு அடி பிளைவுட்டில்தான் தொடங்குகிறது. மரக்கடையில் அந்த அளவில்தான் பலகை கிடைக்கிறது. மாடியறையில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே மிஞ்சும் இடமும் ஏறக்குறைய அவ்வளவுதான். நான்கு அடி என்பது 1220 மி.மீ. அதற்குள் பாதையை அரைவட்டமாகத் திருப்ப வேண்டுமென்றால், தண்டவாளத்தின் நடுக்கோட்டில் அளக்கும் ஆரம் 559 மி.மீ.யைத் தாண்டுவது கடினம். அந்த ஆரத்திலேயே நடுக்கோட்டுக்கும் பலகை விளிம்புக்கும் இடையில் 51 மி.மீ.தான் எஞ்சும். இரட்டைப் பாதை போட்டால் உள்பாதையின் ஆரம் 490 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும்.

இது எவ்வளவு நெருக்கம் என்பதை உண்மையான பாதையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்திய ரயில்வேயின் அகலப் பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவு 10 டிகிரி. அதன் ஆரம் 175 மீட்டர். எச்.ஓ. எனப்படும் 1:87 அளவில் அதைச் சுருக்கினால் 2 மீட்டர் வரும். செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மலையிறங்கும் பாதை 1904 முதல் மீட்டர் கேஜாக இருந்து 2018-இல் அகலப் பாதையானது. அந்த மீட்டர் கேஜுக்கு விதிக்கப்பட்ட எல்லையான 16 டிகிரியைச் சுருக்கினாலும் 1.25 மீட்டர் ஆரம் தேவைப்படும். நம்மில் பலர் போடும் 457 மி.மீ. (18 அங்குல) வளைவை உண்மை அளவுக்குப் பெரிதாக்கினால் அது 40 மீட்டர் ஆரம், அதாவது 44 டிகிரி வளைவு. எந்தப் பொறியாளரும் கையெழுத்திடாத அந்த வளைவில்தான் டபிள்யூ.ஏ.பி.-7 வகை மின்சார எஞ்சினின் மாதிரியை ஓடச் சொல்கிறோம்.

எஞ்சின் வரும் அட்டைப்பெட்டியின் மீது குறைந்தபட்ச ஆரம் என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண், குறையற்ற தண்டவாளத்தில் அந்த எஞ்சின் சுற்றி வந்துவிடும் என்பதை மட்டுமே சொல்கிறது. பின்னால் எந்தப் பெட்டியைக் கோத்திருக்கிறோம், பின்னோக்கித் தள்ளும்போது என்ன ஆகும், அடுத்த பாதையில் நிற்கும் பெட்டியை உரசுமா என்பவற்றுக்கு அதில் பதில் கிடையாது. என் அனுபவத்தில் பெரிய எஞ்சின் தனியாக ஓடித் தடம் புரள்வது அரிது. சிக்கல் வருவது அதற்கும் அடுத்த வண்டிக்கும் நடுவிலுள்ள கப்ளர் என்னும் இணைப்பில்தான். ஆகவே கீழே சொல்லப்படும் சோதனைகள் எல்லாம் எஞ்சின், அதன் பின்னால் வரும் வண்டி, வளைவு ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்தே செய்யப்பட வேண்டியவை.

முதலில் உங்கள் வளைவை அளந்துகொள்ளுங்கள்

வரைபடத்தில் 559 என்று எழுதியிருப்பதால் பலகையிலும் 559 இருக்கும் என்று நம்ப வேண்டாம். வளைத்தே விற்கப்படும் செட் ட்ராக் துண்டுகளில் ஆரம் ஏறக்குறைய சரியாகவே வரும். நாமே வளைத்துக்கொள்ளும் ஃபிளெக்ஸ் ட்ராக்கை வளைக்கும்போதோ, அது நிமிர்ந்துகொள்ள முயல்வதால், துண்டுகள் சேரும் ஜாயின்ட் அருகே வளைவு நிமிர்ந்து ஒரு முனை போலாகி, அதற்கு அடுத்த பகுதி திட்டமிட்டதைவிடக் கூர்மையாகிவிடுகிறது. எஞ்சினுக்குத் தெரிவது அந்தக் கூர்மையான இடம் மட்டுமே.

ரயில்வேயில் பாதையைப் பராமரிப்பவர்கள் செய்யும் முறையையே நாமும் செய்யலாம். அவர்கள் வளைவின் வெளித் தண்டவாளத்தில் 20 மீட்டர் நாணைப் பிடித்து, அதன் நடுப்புள்ளியிலிருந்து தண்டவாளம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்கிறார்கள். அந்த விலகலுக்கு வெர்சைன் என்று பெயர். நமக்கு 300 மி.மீ. எஃகு ஸ்கேல் ஒன்று போதும். அதன் இரு முனைகளும் வெளித் தண்டவாளத்தின் உட்புறத்தைத் தொடுமாறு வைத்து, நடுவில் உள்ள இடைவெளியை வெர்னியர் காலிப்பரால் அளங்கள். நாண் நீளத்தின் வர்க்கத்தை வெர்சைனின் எட்டு மடங்கால் வகுத்து, வெர்சைனில் பாதியைக் கூட்டினால் அந்தத் தண்டவாளத்தின் ஆரம் கிடைக்கும். அதிலிருந்து 8 மி.மீ. கழித்தால் நடுக்கோட்டின் ஆரம். நடுக்கோட்டின் ஆரம் 457 மி.மீ. என்றால், வெளித் தண்டவாளத்தில் 300 மி.மீ. நாணுக்கு வெர்சைன் 24.8 மி.மீ. வரும். அளவில் ஒரு மி.மீ. பிழை நேர்ந்தால் ஆரத்தில் 16 மி.மீ. வேறுபடும், 200 மி.மீ. நாணை எடுத்தாலோ அதே பிழை 38 மி.மீ. ஆகிவிடும். குறுகிய ஸ்கேலைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

வளைவு முழுவதும் 50 மி.மீ.க்கு ஒரு ஸ்லீப்பர் கட்டையில் பென்சிலால் குறியிட்டு, ஒவ்வொரு குறியிலும் வெர்சைனை எழுதிக்கொண்டே போங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் திடீரென ஏறி அடுத்த குறியில் இறங்கினால், அங்கே தண்டவாளம் முறிந்து வளைந்திருக்கிறது என்று பொருள். எஞ்சினை எடுக்கும் முன்பே அதைச் சரிசெய்துவிட வேண்டும். ஜாயின்ட் வளைவுக்குள் வருவதைத் தவிர்க்க முடியாதபோது, இரண்டு ஃபிளெக்ஸ் துண்டுகளையும் நேராக வைத்துப் பற்றவைத்துவிட்டு, பிறகு ஒரே துண்டாக வளைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

கிடைமட்டத்தையும் பார்க்க வேண்டும். சிறிய ரசமட்டத்தைத் தண்டவாளத்துக்குக் குறுக்கே வைத்து நகர்த்திக்கொண்டே போனால், பலகை முறுக்கிக்கொண்டிருக்கும் இடம் தெரிந்துவிடும். மூன்று அச்சுப் போகி (எஞ்சினின் அடியில் தனியாகத் திரும்பும் சக்கரத் தொகுதி) கொண்ட எஞ்சின்களுக்கு வளைவைவிட இந்த முறுக்குதான் பெரிய எதிரி.

எஞ்சினை மல்லாத்திப் பாருங்கள்

எஞ்சினைத் தடத்தில் வைக்கும் முன், பஞ்சுப் பலகையில் பள்ளம் வெட்டி அதில் தலைகீழாகப் படுக்க வைத்து ஆராய வேண்டும். இந்த வேலையை அவசரமின்றிச் செய்வது நல்லது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த எஞ்சினுக்கு உதிரிபாகம் பாளையங்கோட்டையில் கிடைக்கப் போவதில்லை.

போகி எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதைக் கணக்கிட்டே தெரிந்துகொள்ளலாம். 20.56 மீட்டர் நீளமுள்ள டபிள்யூ.ஏ.பி.-7 எச்.ஓ. அளவில் 236 மி.மீ. வரும். அதன் இரு போகி மையங்களுக்கும் இடையில் ஏறக்குறைய 140 மி.மீ. இருக்கும் என்று கொள்வோம். உங்களிடம் உள்ள மாதிரியை அளந்து, கிடைக்கும் எண்ணை இந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 457 மி.மீ. வளைவில் ஒவ்வொரு போகியும் கிட்டத்தட்ட 9 டிகிரி திரும்பியாக வேண்டும். ஒரு கோணமானியைப் போகி மையத்தின் மேல் பிடித்துக்கொண்டு, போகியை விரலால் மெதுவாகத் திருப்புங்கள். 9 டிகிரிக்கு மேலும் மூன்று நான்கு டிகிரி தாராளமாகப் போக வேண்டும். இடையிலேயே நின்றால், எதில் தட்டுகிறது என்று பாருங்கள்: படிக்கட்டு, காற்றுக் குழாய், முன்புறத் தடுப்பு, சில சமயம் உள்ளே மோட்டாருக்குப் போகும் ஒயர். ஒயர் கொஞ்சம் விறைப்பாக இருந்தால்கூட அது வில்லைப் போல் போகியைத் திருப்பித் தள்ளும். வலப்புறம் நன்றாகத் திரும்பி இடப்புறம் தயங்கும் எஞ்சின்களில் குற்றவாளி பெரும்பாலும் இந்த ஒயர்தான்.

மூன்று அச்சுப் போகியில் நடு அச்சுக்குப் பக்கவாட்டில் நகர இடம் வேண்டும். முதல் அச்சுக்கும் மூன்றாம் அச்சுக்கும் இடையே 42 மி.மீ. இருந்தால் 457 மி.மீ. வளைவில் நடுச் சக்கரம் அரை மி.மீ. அளவுக்கு விலகும். அது சிறிய அளவு. பெரும்பாலான மாதிரிகள் தாங்கிக்கொள்ளும். நீராவி எஞ்சின்களில் நிலைமை வேறு. பிரிட்டிஷ் ரயில்வேயின் 9எஃப் வகைக்கு ஐந்து இணைப்பு அச்சுகள், ஓ.ஓ. எனப்படும் 1:76 அளவில் அவற்றின் மொத்த இடைநீளம் சுமார் 87 மி.மீ. 438 மி.மீ. வளைவில் அதன் நடுச் சக்கரம் 2 மி.மீ.க்கு மேல் விலகிப் போகும். அதனால் மாதிரியில் நடுச் சக்கரத்துக்கு ஃபிளாஞ்ச் (சக்கரத்தைத் தடத்தில் பிடித்துவைக்கும் விளிம்பு) வைப்பதில்லை. உண்மையான 9எஃப்-இலும் நடுச் சக்கரம் ஃபிளாஞ்ச் இல்லாததுதான் என்பதால், இந்த ஓர் எஞ்சினைப் பொறுத்தவரை மாதிரி செய்பவர்கள் ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது.

பிறகு சக்கரங்களின் பின்பக்க இடைவெளியை ஒவ்வோர் அச்சிலும் காலிப்பரால் அளங்கள். 16.5 மி.மீ. தடத்தில் அது சுமார் 14.4 மி.மீ. இருக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும் எஞ்சினில்கூட ஓர் அச்சு மட்டும் மாறியிருப்பதுண்டு. அந்த ஓர் அச்சுதான் பாதை பிரியும் பாயிண்டில் ஏறி எல்லாவற்றையும் கெடுக்கும். டெண்டர் (நிலக்கரியும் நீரும் சுமக்கும் பின்வண்டி) உள்ள எஞ்சின்களில் இணைப்புத் தண்டில் இரண்டு துளைகள் இருக்கும். எஞ்சினும் டெண்டரும் நெருங்கி நிற்க ஒன்று. அது காட்சிப் பெட்டிக்கு. நெருக்கமான வளைவுக்கு மற்றொன்று. பாகப் பையில் தனியாகத் தரப்படும் அழகு உதிரிகளை, சோதனை முடியும் வரை ஒட்ட வேண்டாம்.

தள்ளிப் பார்க்கலாமா

பலரும் எஞ்சினை வளைவில் வைத்துக் கையால் தள்ளிப் பார்க்கிறார்கள். மோட்டார் உள்ள எஞ்சின்களில் வார்ம் கியர் சக்கரங்களைப் பூட்டிவைத்திருப்பதால் அவை உருளாது. தண்டவாளத்தின் மேல் வழுக்கும். அதில் எதுவும் தெரியாது, பல்சக்கரத்துக்கும் நல்லதல்ல. பெட்டிகளையும் டெண்டரையும் மட்டும் தள்ளிப் பாருங்கள். எஞ்சினை மின்சாரத்தில், த்ராட்டில் அனுமதிக்கும் மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள்.

ஓட்டும் வரிசை

முதல் ஓட்டம் எஞ்சின் மட்டும். ஊர்ந்து செல்லும் வேகத்தில், முன்பக்கம் முன்னே இருக்க ஒரு முறை. பின்பு எஞ்சினைத் திருப்பாமலே பின்னோக்கி ஒரு முறை. அதன் பிறகு எஞ்சினைத் தூக்கித் திருப்பி வைத்து இரண்டையும் மறுபடி செய்யுங்கள். நான்கும் வெவ்வேறு சோதனைகள். மூன்றில் தேறிய எஞ்சின் நான்காவதில் இறங்குவது வழக்கமான காட்சி. வேகத்தை உடனே கூட்டிவிடாதீர்கள். வேகம் சிறு குறைகளை மறைத்துவிடும். நிறை அதிகமான எஞ்சின் தண்டவாளம் முறிந்து வளைந்த இடத்தைத் தாவிக் கடந்துவிடும், மெதுவாகப் போகும்போதுதான் சக்கரம் ஏறுவது கண்ணுக்குப் புலப்படும். கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குத் தாழ்த்தி, முன் போகியின் வெளிப்புற முதல் சக்கரத்தையே பாருங்கள். கைபேசியின் மெதுவோட்ட வீடியோ இதற்கு மிகவும் உதவும்.

இந்த ஓட்டத்திலேயே மல்டிமீட்டரைத் தொடரில் இணைத்து மின்னோட்டத்தையும் கவனிக்கலாம். நேர்ப்பாதையில் உள்ளதைவிட வளைவில் கொஞ்சம் கூடுவது இயல்பு. ஒன்றரை மடங்கைத் தாண்டினால் ஏதோ இறுகுகிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். டி.சி.சி. எனப்படும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில் சாதாரண மல்டிமீட்டர் காட்டும் எண்ணை நம்ப முடியாது. கட்டுப்பாட்டுக் கருவியே மின்னோட்டத்தைக் காட்டுமானால் அதைப் பாருங்கள், இல்லாவிட்டால் இந்தச் சோதனையை மட்டும் நேர்மின்னோட்டத்தில் செய்யுங்கள்.

அடுத்தது பெட்டிகளோடு. எதைக் கோப்பது என்பதில் பலர் யோசிப்பதில்லை. நீளமான பெட்டிதான் கடினமான சோதனை என்று தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. வளைவில் எஞ்சினின் முனை வெளிப்புறமாக விலகும் தூரத்தைக் காண, முழு நீளத்தின் வர்க்கத்திலிருந்து போகி மைய இடைவெளியின் வர்க்கத்தைக் கழித்து, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். நம் 236 மி.மீ. எஞ்சினுக்கு 457 மி.மீ. வளைவில் அது 9.9 மி.மீ. 270 மி.மீ. நீளமுள்ள எல்.எச்.பி. வகைப் பயணிகள் பெட்டிக்கு, போகி மையங்கள் 171 மி.மீ. இடைவெளியில் இருப்பதால், 11.9 மி.மீ. இரண்டும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு விலகுவதால் கப்ளருக்கு 2 மி.மீ. வேறுபாடுதான். ஆனால் 123 மி.மீ. நீளமுள்ள பாக்ஸ்-என் சரக்கு வேகனின் முனை 2.6 மி.மீ. மட்டுமே விலகும். எஞ்சினோடு அதைக் கோத்தால் கப்ளர் 7 மி.மீ.க்கு மேல் பக்கவாட்டில் இழுபடும். நீளமான பெட்டிகளோடு அழகாக ஓடிய எஞ்சின், வேகனைக் கோத்ததும் அதைத் தண்டவாளத்திலிருந்து தூக்கி எறிவதற்கு இதுவே காரணம். ஆகவே உங்களிடம் உள்ளவற்றிலேயே மிகக் குட்டையான, மிக இலேசான வண்டியை எஞ்சினுக்கு அடுத்து வைத்து ஓட்டுங்கள்.

அப்படியே பின்னோக்கித் தள்ளவும் செய்யுங்கள். இழுக்கும்போது கப்ளர் வண்டியை வளைவின் உட்புறம் இழுக்கும். தள்ளும்போது வெளிப்புறம் தள்ளும், பஃபர்கள் உட்புறத்தில் ஒன்றோடொன்று முட்டிப் பூட்டிக்கொள்ளவும் கூடும். கப்ளர் பெட்டியின் உடலில் பொருத்தப்படாமல் போகியில் பொருத்தப்பட்டிருந்தால், இழுப்பில் எல்லாம் நன்றாக இருந்து தள்ளுதலில் போகி குறுக்கே திரும்பிவிடும். முழு நீள வண்டியை வளைவின் நடுவில் நிறுத்தி, அங்கிருந்தே கிளப்பிப் பாருங்கள். பின்னால் பாரம் அதிகமாகவும் முன்னால் இலேசான வேகன்களாகவும் இருந்தால், இழுவை வளைவுக்குக் குறுக்கே நேர்கோடாக முயன்று நடு வேகன்களை உட்புறமாகச் சாய்த்துவிடும். அப்போது பாரமான வண்டிகளை எஞ்சினுக்கு அருகில் மாற்றுவதே போதுமான மருந்து.

இழுவைத் திறனையும் இங்கேயே பார்த்துவிடலாம். மாதிரி ரயில்காரர்களிடையே நெடுங்காலமாகப் புழங்கும் ஒரு தோராயக் கணக்குப்படி, 813-ஐ மி.மீ.யில் உள்ள ஆரத்தால் வகுத்தால் வளைவின் உராய்வு எத்தனை சதவீத ஏற்றத்துக்குச் சமம் என்பது கிடைக்கும். 457 மி.மீ. வளைவுக்கு அது 1.8 சதவீதம். உண்மையான அகலப் பாதையில் டிகிரிக்கு 0.04 சதவீதம் என்றே ஈடுகட்டுவதால் 10 டிகிரி வளைவுக்குக்கூட 0.4 சதவீதம்தான். தென்மலைப் பக்கத்து ஏற்றத்தை நினைத்து இரண்டு சதவீத ஏற்றத்தையும் வளைவையும் ஒரே இடத்தில் வைப்பவர்கள், தங்கள் எஞ்சின் கிட்டத்தட்ட நான்கு சதவீதம் ஏறுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

எதிரெதிர் வளைவும் பாயிண்டும்

இடப்புறம் திரும்பிய உடனே வலப்புறம் திரும்பும் பாதையில், எஞ்சின் முனை ஒரு பக்கமும் வேகன் முனை மறுபக்கமும் விலகும். விலகல்கள் கழிபடாமல் கூடிவிடும். இரண்டு வளைவுக்கும் நடுவில் உங்கள் மிக நீளமான வண்டியின் நீளத்துக்காவது நேர்ப்பாதை வேண்டும். இரு பாயிண்டுகளைச் சேர்த்துப் போடும் குறுக்குப் பாதை கண்ணுக்குத் தெரியாத எதிரெதிர் வளைவு என்பதையும் நினைவில் கொள்க. பீக்கோ நிறுவனத்தின் ஸ்ட்ரீம்லைன் பாயிண்டுகளில் சிறியது 610 மி.மீ., நடுத்தரமானது 914 மி.மீ., பெரியது 1524 மி.மீ. ஆரம் கொண்டவை, செட் ட்ராக் பாயிண்டின் ஆரம் 438 மி.மீ. வளைவுகளைத் தாராளமாக வைத்துவிட்டு, யார்டு வாசலில் செட் ட்ராக் பாயிண்டைப் போட்டால் லேஅவுட்டின் உண்மையான குறைந்தபட்ச ஆரம் அந்த 438 தான்.

உரசுமா என்று பார்ப்பது

பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து வளைவின் இருபுறமும் பரப்புங்கள். பென்சில் முனையொன்றைப் பெட்டியின் மூலையில் டேப்பால் ஒட்டி, அது அட்டையைத் தொடுமாறு வைத்து மெதுவாகத் தள்ளினால் வெளிக்கோடு விழும். பெட்டியின் நடுப்பகுதியில் ஒட்டினால் உட்கோடு விழும். மிக நீளமான வண்டிக்கு இந்த இரண்டு கோடுகளும் கிடைத்துவிட்டால், பிளாட்பாரம், கம்பம், சுரங்க வாசல் எல்லாவற்றையும் அவற்றுக்கு வெளியே நான்கு மி.மீ. தள்ளி வைக்கலாம். வளைவு தொடங்குவதற்கு முன்னும் முடிந்த பின்னும் ஒரு பெட்டி நீளத்துக்குக் கோட்டை நீட்டிக்கொள்ள வேண்டும்; வளைவில் நுழையும் பெட்டியின் பின்முனையும் வெளியேறும் பெட்டியின் முன்முனையும் நேர்ப்பாதையிலேயே வெளிப்புறமாக வீசும்.

37 மி.மீ. அகலமுள்ள எல்.எச்.பி. பெட்டி 457 மி.மீ. வளைவில் உட்புறம் 8 மி.மீ., வெளிப்புறம் 12 மி.மீ. கூடுதலாக அடைத்துக்கொள்ளும். ஆரியங்காவு சுரங்கத்தையோ கழுதுருட்டிக்கு அருகிலுள்ள பதின்மூன்று கண் பாலத்தையோ மாதிரியாகச் செய்ய விரும்புகிறவர்கள் நேர்ப்பாதைக்குரிய அகலத்தைவிட 20 மி.மீ. கூட்டியே வாசலையும் கைப்பிடிச் சுவரையும் வைக்க வேண்டும். தண்டவாளம் வாசலின் நடுவில் வராமல் சற்றே உட்புறம் தள்ளி வரும். இரட்டைப் பாதையிலும் இதே கணக்குதான். மார்க்லின் நிறுவனம் தன் 360 மி.மீ., 437.5 மி.மீ. வளைவுகளுக்கு நடுவே 77.5 மி.மீ. இடைவெளி விட்டிருப்பது இதற்காகவே. ஹார்ன்பி வைத்திருக்கும் 67 மி.மீ. இடைவெளியில் இரு எல்.எச்.பி. பெட்டிகள் கடந்து செல்லும், ஆனால் 10 மி.மீ.தான் மிச்சம்.

இரண்டு சக்கரத் தொகுதிகள் கொண்ட அமெரிக்க பிக் பாய் போன்ற நீராவி எஞ்சின்களுக்கு இந்தக் கோடு தனியாக வரையப்பட வேண்டும். உண்மையான எஞ்சினில் முன் சக்கரத் தொகுதி மட்டுமே திரும்பும். மாதிரியில் இரண்டையும் திரும்பவிட்டுக் கூர்மையான வளைவிலும் ஓட வைக்கிறார்கள். 465 மி.மீ. வரும் அந்த எஞ்சினும் டெண்டரும் வளைவின் ஆரத்தைவிட நீளமானவை. அது ஓடும், ஆனால் கொதிகலன் முன்புறம் அந்தரத்தில் வெளியே நீட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தால், அதைக் காட்சிப் பெட்டியில் வைத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றும்.

புரண்டால் என்ன செய்வது

ஒவ்வொரு முறை புரளும்போதும், கைவைக்கும் முன், எந்தக் குறியில், எந்தச் சக்கரம், எந்தத் தண்டவாளத்தில் ஏறியது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். பல வண்டிகள் ஒரே குறியில் புரண்டால் குற்றம் தடத்தில். ஒரே சக்கரம் பல இடங்களில் புரண்டால் அந்த அச்சில். கப்ளர் கோத்தபோது மட்டும் புரண்டால் கப்ளரில். அதற்கு நீளமான தண்டு கொண்ட கப்ளரை மாட்டினால் பெரும்பாலும் போதும். நேர்ப்பாதையிலிருந்து வளைவுக்குள் நுழையும் இடத்தில் மட்டும் புரண்டால், வளைவு திடீரெனத் தொடங்குகிறது. முதல் 200, 300 மி.மீ.யில் சிறுகச் சிறுகக் கூர்மையாகும்படி தண்டவாளத்தை மாற்றி வளையுங்கள். ஃபிளாஞ்சை அரத்தால் ராவுவதும் தண்டவாளத்தை இடுக்கியால் நெரிப்பதும் வேண்டாம். எஞ்சினில் ஈயத் துண்டை ஏற்றுவதும் குறையை மறைக்குமே தவிரத் தீர்க்காது.

எல்லாம் தேறிய பிறகே ஆணியும் பசையும் ஜல்லியும். நிக்கல் சில்வர் தண்டவாளத்தின் ஒரு கஜத் துண்டு 25 டிகிரி வெப்ப வேறுபாட்டில் 0.4 மி.மீ. நீளும் என்பதால், சித்திரை வெயிலில் தண்டவாளம் போடுகிறவர் ஜாயின்டை நெருக்கியும், மார்கழியில் போடுகிறவர் இடைவெளி விட்டும் வைக்க வேண்டும். மாடியறையில் ஆடிக் காற்று கொண்டுவரும் மண், வளைவின் உள் தண்டவாளத்தில்தான் அதிகம் சேருவதாக எனக்குப் படுகிறது. சோதனைக்கு முன் துடைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஈரத்தில் பிளைவுட் முறுக்கியிருக்கிறதா என்று ரசமட்டத்தை ஒருமுறை ஓட்டி, வெர்சைன் எண்களை முன்பு எழுதிய தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்தத் தாளைப் பலகையின் அடிப்பக்கத்திலேயே ஒட்டி வைத்து, எந்த எஞ்சின் எந்தப் பாதைக்குள் போகக் கூடாது என்பதையும், எந்த வேகனை எதன் பின்னால் கோக்கக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.